யோசிக்க விடாத கணினி

எனக்கு நாற்பத்தாறு வயதில் கைகள் போயின. திரும்பியும் வந்துவிட்டன, இதை நானேதான் மெதுவாகத் தட்டச்சு செய்கிறேன். ஆனால் நடுவில் ஏழெட்டு மாதம் என் கை என்பது தலையணைமேல் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரிக் கிடந்தது.

சாதாரணக் காய்ச்சல்தான் முதலில் வந்தது. அது விட்ட பிறகு கால் மரத்தது, அப்புறம் கை. ஒரு வாரத்துக்குள் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடும் நிலைமை ஆகிவிட்டது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி, கிருமியை விட்டுவிட்டு என் நரம்புகளையே தாக்குகிறது என்று டாக்டர் சொன்னார். "திரும்பி வரும். ஆனா எப்பன்னு கேக்காதீங்க" என்றார். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது குரல் இருந்தது, கழுத்து திரும்பியது. தோளுக்குக் கீழே எதுவும் என் பேச்சைக் கேட்கவில்லை.

வீடு வெள்ளானூரில், முதல் மாடி, வாடகைக்கு. எனக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனை வேலை. மனைவிக்கு ஆவடியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. நான் விழுந்த பிறகு அவள் வேலையை விட முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். காலையில் என்னைக் குளிப்பாட்டி, இட்லி ஊட்டி, ஜன்னலோர நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்துவிட்டுக் கிளம்புவாள். பகலில் என்னைப் பார்த்துக்கொண்டது கீழ்வீட்டு அக்கா. வீட்டுச் சொந்தக்காரர் அவர்தான். அந்தத் தெருவே ஒரு காலத்தில் அவர்கள் நெல் வயலாக இருந்ததாம். மதியம் மேலே வந்து சோறு ஊட்டுவார். அதற்கு யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரே வந்தார்.

எனக்குச் செஸ் பைத்தியம் உண்டு. பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஆனால் மெதுவாக, நிறைய யோசித்து ஆடுவேன். கம்பெனியில் மதிய இடைவேளையில் ஆடும்போது, "சார் காய வைக்கிறதுக்குள்ள சங்கு ஊதிடும்" என்று கிண்டல் செய்வார்கள்.

கைகள் போன பிறகு, குரலால் ஆட முடியும் என்று மனைவிதான் கண்டுபிடித்துச் சொன்னாள். ஒரு செஸ் தளத்தில் காயின் பெயரையும் கட்டத்தின் பெயரையும் ஆங்கிலத்தில் சொன்னால் அதுவே நகர்த்தும். என் தலையில் மைக் மாட்டிவிட்டாள். முதல் நாள் முழுக்கத் தகராறு. பி, சி, டி, ஈ, ஜி எல்லாமே அதன் காதுக்கு ஒன்றுதான். நான் டி என்றால் அது பி கட்டத்தில் வைக்கும். அப்புறம்தான் தெரிந்தது, எழுத்துக்குப் பதிலாக விமானக்காரர்கள் சொல்கிற மாதிரி ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்று சொல்லலாமாம். அன்றிலிருந்து பகல் முழுக்க என் அறையிலிருந்து "பிராவோ ஃபோர்! பிராவோ ஃபைவ்!" என்று சத்தம் போனது.

மூன்றாம் நாள் அக்கா மேலே வந்து கேட்டார். "இன்னா தம்பி, காலைலேந்து யாரை பிராவோ பிராவோன்னு பாராட்டிகினு கீற?"

விளக்கினேன். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, கணினியைத் தவிர. அது கம்பெனியில் புதிது வாங்கியபோது பழையதை ஊழியர்களுக்குக் கொடுத்தார்களே, அதில் ஒன்று. பத்து நிமிடம் யாரும் விசைப்பலகையையோ மவுசையோ தொடாவிட்டால் திரை அணைந்து அப்படியே தூங்கிவிடும். அதை மாற்றுகிற இடத்துக்குப் போனால் எழுத்துகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் இருந்தன. மாற்ற நிர்வாகியின் அனுமதி வேண்டுமாம். அந்த நிர்வாகி யாரோ ஒப்பந்தக்காரர், எப்போதோ போய்விட்டார். கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை.

கை இருக்கிறவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. மவுசை லேசாகத் தட்டினால் போதும். எனக்கு? நான் என்னதான் பேசினாலும் அதற்கு அது கணக்கில் இல்லை. ஒரு பக்கம் காயை நகர்த்திக்கொண்டே இருப்பேன், இன்னொரு பக்கம் ஆளே இல்லை என்று நினைத்து அது தூங்கப் போய்விடும். தூங்கினால் இணைப்பு அறுந்துவிடும். எதிராளி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வெற்றியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அதனால் யாராவது வந்து மவுசைத் தட்டிவிட்ட பிறகு ஐந்து நிமிட ஆட்டம் மட்டும்தான். பட்பட்டென்று முடித்துக்கொள்ள வேண்டும். மெதுவாக யோசிப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வித்தை, அதைத்தான் இந்தப் பெட்டி செய்ய விடவில்லை.

ஒருநாள் பொறுக்காமல் நீண்ட ஆட்டம் ஒன்றை ஆரம்பித்துவிட்டேன். அக்கா சொல்லியிருந்தார், "அணைஞ்சா ஒரு கொரல் குடு, வந்து தட்டிட்டுப் போறேன்" என்று. இரண்டு முறை வந்து தட்டினார். மூன்றாம் முறை அவர் மொட்டை மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். நான் கத்தியது கேட்கவில்லை. எதிராளியின் ராணியை வாங்கிவிட்டு, ஜெயிக்கிற நிலையில் இருந்தேன். கறுத்துப்போன திரையில் என் முகம் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அழுகைகூட வந்தது, துடைக்க ஆளில்லை.

அக்கா இறங்கி வந்து என்னைப் பார்த்துப் பதறிவிட்டார். "ஐயையோ, நான்தான் கேக்காத போய்ட்டேன். சும்மா சொல்லு, இத்த இன்னா பண்லாம்?"

மவுஸ் அசைந்துகொண்டே இருந்தால் தூங்காது என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். கீழே போய் மேசை மின்விசிறியைத் தூக்கி வந்தார். அது தலையை இப்படியும் அப்படியும் திருப்புமில்லையா, அதன் கூண்டில் நூலைக் கட்டி மறுமுனையை மவுசில் கட்டினார். விசிறி திரும்பியது, மவுஸ் நகர்ந்தது. "பார்த்தியா!" என்றார். அடுத்த திருப்பத்தில் மவுஸ் மேசையிலிருந்து குதித்துத் தரையில் விழுந்து, விசிறி போன பக்கமெல்லாம் பின்னாலேயே இழுபட்டுக்கொண்டு போனது. இரண்டு பேரும் சிரித்தோம். அந்த நோய் வந்த பிறகு நான் வயிறு குலுங்கச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்தச் சமயத்தில்தான் போட்டி அறிவிப்பு வந்தது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்துச் சதுரங்க மன்றங்கள் சேர்ந்து இணையத்தில் நடத்துகிற போட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம். ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் என்ற சொல்லைப் பார்த்ததுமே எனக்கு ஆசை பிய்த்துக்கொண்டு வந்தது.

மனைவி விதிகளைப் படித்துக் காட்டினாள். "ஆடும் அறையில் ஆட்டக்காரரைத் தவிர யாரும் இருக்கக் கூடாது. போன் கேமரா பக்கவாட்டிலிருந்து அறையைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். கணினியில் ஆட்டத்தைத் தவிர வேறு பக்கம் திறந்திருக்கக் கூடாது."

படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை நான் வீட்ல இருப்பேன். ஆனா உள்ள வந்து தட்ட முடியாதுங்க."

"தெரியுது."

"வேண்டாம்னா விட்டுடலாம்."

"விட வேண்டாம்மா. பேரைக் குடு."

பெயரைக் கொடுத்துவிட்டுத்தான் வழி தேட ஆரம்பித்தேன். போனிடம் குரலால் கேட்டுக் கேட்டு, உலகத்தில் எத்தனை பேருக்கு இதே தொல்லை என்று தெரிந்துகொண்டேன். எல்லாரும் கணினியிடம் சண்டை போட்டிருக்கிறார்கள். சத்தமில்லாத வீடியோவை ஓடவிடு என்றார் ஒருவர். வேறு பக்கம் திறக்கக் கூடாது என்பதால் அது உதவாது. கடைசியில் ஒரு சின்ன மென்பொருளைப் பற்றிப் படித்தேன். யாரோ ஒருவர் எழுதி இலவசமாகக் கொடுத்தது. அதை நிறுவக்கூட வேண்டாம், திறந்தால் போதும், நிர்வாகி அனுமதி கேட்காது. அது செய்வது ஒரே ஒரு வேலை. நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு விசையை அழுத்தியதாகக் கணினிக்குச் சொல்லும். அதுவும் நம் விசைப்பலகையில் இல்லாத விசை. பழைய காலத்துப் பெரிய விசைப்பலகைகளில் இருந்ததாம். அதனால் திரையில் எதுவும் நடக்காது, எழுத்து விழாது, காய் நகராது. கணினி மட்டும், ஆள் இருக்கிறார் என்று நம்பிக்கொண்டு விழித்திருக்கும்.

மனைவி வருகிறவரை எனக்குப் பொறுமை இல்லை. அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, மவுசைப் பிடிங்க."

"எனக்கு இன்னாபா தெரியும் அதெல்லாம்?"

"நான் சொல்றேன். அந்த அம்புக்குறியைக் கொண்டுபோய் நீலமா இருக்கே, அதுமேல வைங்க."

அம்பு திரையின் எல்லா மூலைக்கும் போய்விட்டு வந்தது. "நிக்க மாட்டேங்குதே கழுதை. ஆங், வச்சிட்டேன். இப்போ?"

"இடது பக்கம் ஒரு அழுத்து."

இப்படியே இறக்கினோம். கடைசியில் இரண்டு முறை வேகமாக அழுத்தச் சொன்னேன். அவர் வேகம் போதாமல் நாலைந்து தடவை ஆனது. அப்புறம் திரையின் கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், விளக்கு மாதிரி ஒரு குட்டிப் படம் வந்து உட்கார்ந்தது.

"அவ்ளோதானா?" என்றார் அக்கா.

"அவ்வளவுதான். இனி யாரும் தொடக் கூடாது. தூங்குதான்னு பார்க்கணும்."

கீழே போய் ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து உருவ ஆரம்பித்தார். ஒரு கண் கீரையில், ஒரு கண் திரையில். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடம் நெருங்கும்போது எனக்கு மூச்சே விடத் தோன்றவில்லை. வழக்கமாக முதலில் திரை லேசாக மங்கும். மங்கவில்லை. பத்து நிமிடம் தாண்டியது. பதினைந்தும் தாண்டியது. கீரைக் கட்டு முடிந்து காம்புகள் மட்டும் மிச்சம் இருந்தன. திரை பளிச்சென்று இருந்தது.

அக்கா எழுந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னும் முழிச்சிகினு கீதுபா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார்.

எனக்கும் கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. பல மாதமாக ஒரு டம்ளர் தண்ணீருக்கு, மூக்கில் உட்காரும் ஈக்கு, போர்வையை இழுத்துவிடுவதற்கு என்று எல்லாவற்றுக்கும் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். யாரையும் கூப்பிடத் தேவையில்லாத முதல் காரியம் அன்றைக்கு எனக்குக் கிடைத்தது.

ஆனால் நடுவரிடம் சொல்லாமல் இதை ஓட்டக் கூடாது. மறுநாள் மனைவி போனில் போட்டுக் கொடுத்தாள். நடுவர் ஒரு பெண்மணி, கறாரான குரல். என் நிலைமையைச் சொல்லி, மென்பொருளைப் பற்றியும் சொன்னேன்.

"அது ஆட்டத்தைப் பார்க்குமா சார்? நகர்வு ஏதாவது சொல்லுமா?"

"இல்லைங்க மேடம். அதுக்குச் செஸ்ஸே தெரியாது. கீபோர்டுல இல்லாத ஒரு விசையை அமுக்கிட்டே இருக்கும், அவ்வளவுதான்."

"இல்லாத விசையை எப்படி அமுக்கும்?"

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கேட்டுவிட்டு, மற்ற நடுவர்களிடம் பேசிச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். இரண்டு நாள் பதில் இல்லை. மாட்டார்கள் என்றே முடிவு செய்துவிட்டேன். மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார்.

"நாங்களும் அதை ஓட்டிப் பார்த்தோம் சார். ஆட்டம் தொடங்கும் முன்னாடி எங்க கண் முன்னால திறக்கணும். மத்தபடி ஆடுங்க."

"ரொம்ப நன்றிங்க. ஒரே ஒரு வேண்டுகோள். எதிர்ல ஆடறவங்ககிட்ட என் உடம்பைப் பத்திச் சொல்ல வேண்டாம்."

"அதை நாங்க ஏன் சொல்லப் போறோம்?" என்றார். அந்தக் கறார்க் குரல் எனக்கு அப்போது அவ்வளவு பிடித்துப்போனது.

போட்டி தொடங்கியது. ஞாயிறு காலையில் மனைவி மைக்கை மாட்டி, போனைப் பக்கவாட்டில் நிறுத்தி, மென்பொருளைத் திறந்து நடுவருக்குக் காட்டிவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்துவாள். முதல் ஆட்டம் ஜெயித்தேன். இரண்டாவது சமனில் முடிந்தது. பிறகு தொடர்ந்து வெற்றிகள். யோசிக்க நேரம் கிடைத்த மனுஷனைத் தடுப்பது கஷ்டம் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

கடைசிச் சுற்றில், அதுவரை ஒரு ஆட்டமும் தோற்காத ஒருவர் வந்தார். பூந்தமல்லிக்காரர். அவரைப் பற்றி வேறெதுவும் தெரியாது. வேகமாக ஆடினார். நான் ஒரு நகர்வு யோசிப்பதற்குள் அவர் நாலு நகர்வுக்கு யோசித்து வைத்திருப்பார் போல. முதல் ஒரு மணி நேரம் நான் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். காய்கள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டு, கடைசியில் எனக்கு ஒரு யானை, சில சிப்பாய்கள், அவருக்கும் அப்படியே. ஆனால் என் சிப்பாய் ஒன்று ராணியாக இன்னும் இரண்டே கட்டம்.

உடனே தள்ளிவிடலாம். கை இருந்திருந்தால் தள்ளியிருப்பேன் என்று நினைக்கிறேன். தள்ளினால் அவர் யானை பின்னாலிருந்து என் ராஜாவுக்குச் செக் வைக்கும், நான் நகர, மறுபடி செக், மறுபடி நகர. அதற்கு முடிவே இருக்காது. ஆட்டம் சமன். அவர் அதைத்தான் எதிர்பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது.

மிச்சமிருந்த நேரத்தில் பெரும்பகுதியை அந்த ஒரு நகர்வில் செலவழித்தேன். ராஜா எங்கே போனாலும் செக். இங்கே போனால்? செக். அங்கே? அதற்கும் செக். வெளியே ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நெற்றியில் வியர்வை இறங்கிக் கண் எரிந்தது. திரை விழித்துக்கொண்டு இருந்தது, பளிச்சென்று, கொஞ்சமும் மங்காமல். நான் அதை மறந்தே போனேன் என்பதுதான் நிஜம். பத்து நிமிடம், இருபது நிமிடம் என்ற நினைப்பே வரவில்லை.

அப்போது அவருடைய சிப்பாய் ஒன்று கண்ணில் பட்டது. என் ராஜாவை அதற்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்துவைத்தால்? அவர் யானைக்கும் என் ராஜாவுக்கும் நடுவில் அவருடைய சிப்பாயே சுவர் மாதிரி நிற்கும். தன் ஆளைத் தானே தாண்ட முடியாது. பக்கவாட்டில் வந்தால் என் சிப்பாய் மறைக்கும். ஒருமுறை சரிபார்த்தேன். இன்னொரு முறை சரிபார்த்தேன். தரப் பரிசோதனைக்காரன் புத்தி, மூன்றாவது முறையும் பார்த்தேன்.

"கிங் பிராவோ சிக்ஸ்!" என்றேன். சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

ராஜா நகர்ந்தது. அந்த வேகக்காரர் முதல் முறையாக நின்றார். அவர் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கழித்து யானையை எங்கோ வைத்தார். நான் சிப்பாயைத் தள்ளினேன். அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

நான் கதவைப் பார்த்துக் கத்தியதும் மனைவி ஓடிவந்தாள். பின்னாலேயே அக்கா. இரண்டு பேரும் கதவுக்கு வெளியே தரையில்தான் உட்கார்ந்திருந்தார்களாம், மூச்சு விடாமல். மனைவி என் தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள், மைக் கழன்று விழுந்தது. அக்கா திரையைக் காட்டி, "இதுல நம்ம ஆளு எது?" என்று கேட்டார். வெள்ளை என்றேன். "வெள்ளை ஜெயிச்சிட்ச்சா?" "ஜெயிச்சிடுச்சு அக்கா." கீழே ஓடிப்போய் ஒரு சொம்பு பாயசத்தோடு வந்தார். அன்றைக்கு அமாவாசைக்கு வைத்ததாம். எனக்காக வைத்தது என்று நான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

புள்ளிக் கணக்கில் முதலிடம் எனக்கு. நடுவர் கூப்பிட்டுச் சொன்னபோது அந்தக் குரலிலும் ஒரு சிரிப்பு இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு செய்தி வந்தது. பூந்தமல்லிக்காரர், நடுவர் மூலம் என் அனுமதி கேட்டு எண் வாங்கியிருந்தார். "சார், அந்த ஒரு நகர்வுக்கு அவ்வளவு நேரம் என்ன பார்த்தீங்க? எனக்குத் தூக்கம் வரலை. நேர்ல வரலாமா?" வாங்க என்று குரலில் பதில் அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு வந்தார். அரசு பஸ்ஸில் கண்டக்டர், என் வயதுதான் இருக்கும். தோளில் ஒரு பை, அதில் சுருட்டிவைத்த செஸ் பலகை. உள்ளே நுழைந்ததும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். நான் நீட்டவில்லை. நீட்ட முடியாது என்பதை அவர் என் தலையணையையும் மைக்கையும் பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு கணம் ஆனது. நீட்டிய கையை அவர் இழுத்துக்கொள்ளவில்லை. குனிந்து, தலையணைமேல் கிடந்த என் வலது கையை இரண்டு கைகளாலும் எடுத்துக் குலுக்கினார்.

"இதைச் சொல்லவேயில்லையே சார் நீங்க."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

யோசித்தார். "கொஞ்சம் பாவம் பார்த்திருப்பேன். நல்லவேளை சொல்லலை. முழு மூச்சா ஆடித்தான் தோத்தேன்."

பையைத் திறந்து பலகையை விரித்து, அந்த நிலையை அப்படியே அடுக்கினார். ஒரு காய்கூட மறக்கவில்லை. "இப்ப நீங்க ராஜாவை இங்க வச்சீங்க. எனக்கு வேற வழி இருந்துச்சா, சொல்லுங்க" என்றார். அவர் ஒன்றை வைப்பார், நான் பதில் சொல்வேன், என் காயையும் அவரே நகர்த்துவார். யானையை முன்னால் கொண்டுவந்தார். சிப்பாயை ஓடவிட்டார். ராஜாவை எடுத்துக்கொண்டு வந்தார். மனைவி வைத்த காபி ஆறி ஆடை கட்டியது. எந்தப் பக்கம் போனாலும் என் சிப்பாய் ஒரு நகர்வு முந்தியது.

கடைசியில் பின்னால் சாய்ந்து, இரண்டு கைகளையும் விரித்தார். "இல்லை சார். எங்கேயும் வழி இல்லை" என்றார். தோற்ற மனிதர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, காய்களைத் தன் முன்னாலும் என் முன்னாலும் புதிதாக அடுக்க ஆரம்பித்தார்.

"இந்தத் தடவை எனக்கு வெள்ளை" என்றார். "கடிகாரம் வேண்டாம். நீங்க எவ்வளவு வேணா யோசிங்க."